ரத்தம் கொடுத்த அண்ணாச்சி

அண்ணாச்சி ரத்தம் கொடுத்துவிட்டு வந்தால் சில நாளைக்குச் சட்டையின் இடது கையை இறக்கிவிட மாட்டார். முழங்கை மடிப்பில் ஒட்டிய பஞ்சும் பிளாஸ்திரியும் தெருவுக்குத் தெரிய வேண்டும். நனைந்துவிடக் கூடாது என்று அந்தக் கையை மட்டும் மேலே தூக்கிக்கொண்டு குளிப்பாராம். அவர் பெண்டாட்டியே என்னிடம் சொல்லிச் சிரித்திருக்கிறாள். பிளாஸ்திரி அழுக்கேறி, ஓரம் கிளம்பி, ஒரு நூலில் தொங்கும். அப்போதும் பிய்த்துப் போட மனம் வராது. என் கடை பெஞ்சில் உட்கார்ந்து கையை மடக்கி மடக்கி நீட்டுவார்.

"தங்கச்சி, ஒரு நாரங்கா வெள்ளம். உப்புப் போட்டு. ரத்தம் குடுத்த உடம்பு."

"எப்பக் குடுத்தது அண்ணாச்சி?"

"புதன்கிழம."

"இன்னிக்குச் சனி."

"அதுக்கென்ன? ஊறி வரண்டாமா?"

கொச்சி மட்டாஞ்சேரியில் பஜார் ரோட்டுக் கிடங்குகளுக்குப் பின்பக்கம் எங்கள் தெரு. கார்ப்பரேஷன் வேலைக்காக எந்தக் காலத்திலோ திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்து தங்கியவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அங்கே குடியிருந்தார்கள். வீட்டில் தமிழ், வெளியே மலையாளம், சண்டை என்று வந்தால் இரண்டும். நான் தென்காசிப் பக்கத்திலிருந்து அங்கே வாழ்க்கைப்பட்டு வந்தவள். முன்னறையில் ஒரு பலகையைப் போட்டுக் கடை வைத்திருந்தேன். சாயா, எலுமிச்சம்பழம் பிழிந்த நாரங்கா வெள்ளம், சோடா, பீடி, வாழைப்பழம், பிள்ளைகளுக்கு மிட்டாய். கடை வைத்திருப்பவளுக்கு ஒரு வசதி உண்டு. யாரையும் தேடிப்போய் விசாரிக்க வேண்டாம், தெருவே வந்து சொல்லிவிட்டுப் போகும். கேட்கச் சகிக்காததையும் சொல்லிவிட்டுப் போகும்.

அண்ணாச்சிக்குக் கார்ப்பரேஷனில் கொசு மருந்து அடிக்கும் வேலை. முதுகில் பம்பைக் கட்டிக்கொண்டு ஓடை ஓடையாகப் போவார். கொச்சிக் கொசுவைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. மருந்தைக் குடித்துவிட்டு இன்னும் தெம்பாக வரும். "கொசுவுக்கும் நம்ம ரத்தம்தான் பிடிச்சிருக்கு, கேட்டியா? டேஸ்ட் அறிஞ்சது" என்பார். அவருடைய ரத்தம் எளிதில் கிடைக்காத வகை. ஏதோ ஒரு முகாமில் ஒரு டாக்டர் அப்படிச் சொல்லிவிட்டார். அந்த நாளிலிருந்து மனிதருக்குக் கால் தரையில் பாவவில்லை. பிள்ளை குட்டி கிடையாது. காணி நிலம் கிடையாது. முகமும் அப்படியொன்றும் பார்க்கும்படி இருக்காது. அவருக்கென்று இருந்த ஒரே சொத்து அதுதான். ஆஸ்பத்திரியிலிருந்து ஆள் வந்தால் பம்பை நடுத்தெருவில் இறக்கி வைத்துவிட்டு ஓடுவார். சாப்பிட்டுக்கொண்டிருந்தால் கையைக் கழுவிவிட்டு ஓடுவார். கல்யாண வீட்டில் யாரும் சொல்லாமலே முதல் பந்தியில் போய் உட்காருவார், யாரும் எழுப்பவும் மாட்டார்கள்.

"இந்தத் தெருவுல பாதி வீட்டுல நம்ம ரத்தம் ஓடுது" என்பது அவர் பேச்சு. பாதி வீடு என்பது அதிகம். நாலைந்து வீடு இருக்கும். அதில் ஒன்று ஈஸ்வரியின் வீடு.

ஈஸ்வரி என் கடையிலிருந்து மூன்றாவது வாசல். அவள் புருஷன் மணியன் எர்ணாகுளம் பிராட்வேயில் ஒரு மொத்தக் கடையில் மூட்டை இறக்குகிறவன். தொண்ணூறுகளில் அவளுக்குத் தலைப்பிரசவம். பெண் பிள்ளை பிறந்த பிறகு ரத்தப்போக்கு நிற்கவில்லை. மணியன் ஆஸ்பத்திரியிலிருந்து தெருவுக்கு ஓடிவந்து, வாயில் பேச்சு வராமல், அண்ணாச்சியின் கையைப் பிடித்து இழுத்ததை நான் பார்த்தேன். கொசு மருந்து நாற்றத்தோடு போனவரை நர்ஸ் சோப்புப் போட்டுக் கழுவச் சொல்லிப் படுக்க வைத்தாளாம். ஈஸ்வரி பிழைத்தாள். மணியன் அவர் காலில் விழுந்தான்.

பிறகு அந்தப் பெண் குழந்தை நடந்து என் கடைக்கு மிட்டாய் வாங்க வரும் வயதானதும், அண்ணாச்சி விட மாட்டார்.

"எந்தா, என் ரத்தம் ஸ்கூலுக்குப் போகுதா?"

"உங்க ரத்தம் அம்மாவுக்குத்தான். எனக்கில்ல."

"அம்மா இருக்கதாலதான மோளே உனக்குச் சடை பின்னி விடுதா?"

ஈஸ்வரி வாசலில் நின்று சிரிப்பாள். எனக்குச் சில சமயம் எரிச்சல் வரும். கொடுத்ததை இப்படி நித்தமும் சொல்லிக்காட்ட வேண்டுமா என்று கேட்டும் இருக்கிறேன். அவருக்கு அது சொல்லிக்காட்டுவதாகவே தோன்றவில்லை. சொந்தக்காரர் வீட்டை விசாரிக்கிற மாதிரிதான் விசாரித்தார்.

பரோட்டா மாஸ்டர் செத்ததிலிருந்துதான் அவருக்கு வேறு கிறுக்குப் பிடித்தது. தேனிப் பக்கத்துக்காரன். ஹோட்டல் வேலைக்கு வந்து, எங்கள் தெருக்கோடியில் ஒரு பின்னறையை வாடகைக்கு எடுத்திருந்தான். இருமல், காய்ச்சல், வயிற்றுப்போக்கு. ஆள் கயிறாகிவிட்டான். கடைசியில் ஆஸ்பத்திரியில் அவனுக்கு எய்ட்ஸ் என்று சொன்னார்கள். அவன் திரும்பி வருவதற்குள் சேதி தெருவுக்கு வந்துவிட்டது. வீட்டுக்காரர் பெட்டியை ஓடைக்கரையில் வைத்திருந்தார், பாயைக் கொளுத்தியிருந்தார். யார் யாரோ வந்து, அவன் குடித்த கிளாஸ் எது என்று என்னிடம் கேட்டார்கள். எல்லாக் கிளாஸும்தான், நீங்களும் அதில்தான் குடித்தீர்கள், உங்களுக்கு என்ன ஆயிற்று என்றேன். அதன் பிறகு ஒரு மாதம் என் கடையில் சோடாவைப் பாட்டிலிலேயே குடித்தார்கள். எனக்குக் கிளாஸ் கழுவுகிற வேலை மிச்சம்.

அண்ணாச்சிதான் அவனை ஆட்டோவில் ஏற்றி மறுபடி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். அவன் சாகும்வரை வேலை முடிந்து அங்கே போய் உட்கார்ந்திருந்தார். எல்லாம் முடிந்து வந்த அன்று நாரங்கா வெள்ளம் கேட்கவில்லை.

"டிபி தங்கச்சி. அந்த நோயோட டிபியும். டிபிக்கு மருந்து இருக்காம். முன்னமே வந்திருந்தா கொஞ்ச வருசம் ஓடியிருக்கும்னு டாக்டர் சொல்லுதாரு. ஏன்டா வரலன்னு கேட்டேன். டெஸ்ட் எடுக்கப் போனேன் அண்ணே, வராந்தாவுல நம்ம தெரு ஆளு ஒருத்தரு எதுக்க வந்தாரு, திரும்பி வந்துட்டேன்னான். அம்புட்டுத்தான். ஒருத்தன் எதுக்க வந்ததுக்கு ஒரு உசிரு."

அதைச் சொல்லும்போது அவர் கண் கலங்கவில்லை. யாரையோ அடிக்கத் தேடுவது போல் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு ஒரு யோசனையோடு வந்தார். தெரு ஆண்களையெல்லாம் ரத்தம் கொடுக்க அழைத்துப் போவது. "டெஸ்டுக்குப் போறான்னா வாயப் பொத்திக்கிட்டுச் சிரிப்பான். ரத்தம் குடுக்கப் போறான்னா? மால போடுவான். அங்க எப்படியும் டெஸ்ட் பண்ணித்தான ரத்தத்த எடுத்து வைக்கான்? எவனுக்காவது இருந்தா ரகசியமாக் கூப்பிட்டுச் சொல்லிருவான். எப்படி நம்ம புத்தி?" எனக்கும் அது புத்திசாலித்தனமாகத்தான் பட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஏழெட்டுப் பேரைச் சலவைச் சட்டையோடு திரட்டி, மட்டாஞ்சேரிப் படகுத்துறையில் போட் ஏற்றி எர்ணாகுளத்துக்குக் கூட்டிப் போனார். மணியன் போகவில்லை. கடையில் சரக்கு வருகிறது என்று சொல்லிவிட்டான்.

மத்தியானம் திரும்பியவர் முகத்தில் உயிர் இல்லை. அவருடைய வாய்தான் கெடுத்தது. எல்லோரும் கொடுத்து முடித்து பிஸ்கட் தின்றுகொண்டிருக்கும்போது அங்கிருந்த நர்ஸிடம் போய், யாருக்காவது அது இருந்தால் என் காதில் சொல்லுங்கள் சிஸ்டர், நான் பக்குவமாக எடுத்துச் சொல்லிக்கொள்கிறேன் என்றிருக்கிறார். அவள் துருவித் துருவிக் கேட்டிருக்கிறாள்.

"என்னைய நிக்க வச்சு வழக்கு பறைஞ்சிட்டா தங்கச்சி, பச்சப் பிள்ளையத் திட்டுத மாதிரி. அவ சொல்லுததும் ஞாயம். புதுசா வந்திருந்தா கொஞ்ச நாளைக்கு டெஸ்டுல சிக்காதாம். சிக்காத ரத்தம் நேரா ஒரு பிள்ளப்பெத்தவ உடம்புக்குப் போவும். சந்தேகம் இருக்கவன் ரத்தம் குடுக்கவே கூடாது, டெஸ்டுக்குத் தனியா ரூம் இருக்கு, அங்க கூட்டிட்டுப் போன்னுட்டா. அத்தன பேரு ரத்தத்தையும் கொட்டச் சொல்லிட்டா." சட்டைக் கையால் கண்ணைத் துடைத்தார். "நம்ம ஈஸ்வரி மாதிரி ஒருத்திக்குப் போயிருந்தா நான் என்ன செய்வேன்?"

ரத்தம் வீணாய்ப் போனதற்காக ஒரு மனிதன் அழுததை அன்றைக்குத்தான் பார்த்தேன். அதற்குப் பிறகு அவர் அந்த நர்ஸை அடிக்கடி பார்க்கப் போனார். அவள் சொன்னதையெல்லாம் கேட்டு வந்து என் பெஞ்சில் உட்கார்ந்து ஒப்பிப்பார். ஒரே தட்டில் சாப்பிட்டால் வராது. கொசு கடித்து வராது. இதை அவர் சொல்லும்போது, தன் தொழிலுக்கு யாரோ நற்சான்று கொடுத்துவிட்ட மாதிரி ஒரு சந்தோஷம். பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்கள் ஒவ்வொருவராக எழுந்து போய்விடுவார்கள். எனக்கு வியாபாரம் படுத்தது. "அண்ணாச்சி, சாயா குடிக்கிற நேரத்துல இதப் பேசாதீங்க" என்பேன். "பின்னே எந்த நேரத்துல பேச?" என்பார்.

வருஷங்கள் போயின. இரண்டாயிரம் பிறந்து சில வருஷமானபோது மணியன் மெலியத் தொடங்கினான். மூட்டை தூக்குகிற தோள் ஹேங்கர் மாதிரி சட்டைக்குள் துருத்திக்கொண்டு நின்றது. இருமல், காய்ச்சல், வயிற்றுப்போக்கு. அதே சமயம் ஈஸ்வரி, இத்தனை வருஷத்துக்குப் பிறகு, மறுபடி உண்டாகியிருந்தாள். அண்ணாச்சி பரோட்டா மாஸ்டரின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் ஆயிற்றே. அவருக்குப் பார்த்ததும் புரிந்துவிட்டது. எப்படி வந்தது என்று எனக்குத் தெரியாது. அதைத் தெரிந்துகொள்ள ஆசைப்பட்டவர்கள் தெருவில் ஏராளம், அந்த நோய்க்கு மருந்து உண்டா என்று கேட்டவர் இவர் ஒருவர்தான்.

"இருக்கு தங்கச்சி. இப்ப மருந்து வந்திருக்கு. தாய்க்கு இருந்தாலும் பிள்ளைக்கு வராமத் தடுக்கலாமாம். பேறுகாலத்துக்கு முன்ன தெரிஞ்சாப் போதும், அந்த சிஸ்டர் பாத்துக்கிடுதேன்னு சொல்லுதா. ஈஸ்வரி ஒரு தரம் போயி டெஸ்டுக்கு ரத்தம் குடுத்துட்டு வந்தாப் போதும்."

முதலில் மணியனைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். மணியன் அவர் சட்டையைப் பிடித்துத் தள்ளினான். அப்போதுதான் அண்ணாச்சிக்கு அந்த எண்ணம் வந்தது. யாராவது ஒருவர் எல்லோரும் பார்க்க அந்த டெஸ்ட் அறைக்குள் போய்வந்தால் மற்றவர்களுக்குக் கூச்சம் விட்டுவிடும். அப்படிப் போக அவரைவிடத் தகுந்த ஆள் யார்? "நம்ம ரத்தத்தப் பத்தி ஊருக்கே அறியும். நான் போனா எவனும் சந்தேகப்பட மாட்டான்" என்றார். தன் ரத்தத்தின் பேரில் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை.

வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, என் கடையில் நின்று, "நான் எய்ட்ஸ் டெஸ்டுக்குப் போறேன், யாராவது வாறீங்களா?" என்று சந்தைக்குக் கூப்பிடுகிற மாதிரி கூப்பிட்டுவிட்டுப் போனார். முடிவு வந்ததும் குழாயடியில் நின்று சொன்னார். ஒன்றுமில்லை, சுத்தமாக இருக்கிறது, நீங்களும் போய்வாருங்கள். தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த பெண்கள் குடத்தைத் தங்கள் பக்கம் நகர்த்தி வைத்துக்கொண்டார்கள். சந்தேகம் இல்லாதவன் எதற்குப் போகிறான்? இதுதான் தெருவின் கேள்வி. போனவன் எவனாவது இருக்கிறது என்று ஒத்துக்கொள்வானா? இது அடுத்தது. பத்து வருஷமாய் ஊர் உலகத்துக்கெல்லாம் ரத்தம் கொடுத்தவருக்கு அந்தத் தெருவில் நல்ல பேர் போக ஒரு வாரம்கூட ஆகவில்லை. எனக்கு வந்த கோபத்தில் இரண்டு பேருக்குக் கடன் நிறுத்தினேன். அவர்கள் வேறு கடைக்குப் போனார்கள்.

மாரியம்மன் கோயில் கொடைத் திருவிழாவுக்குத் தேதி குறிக்க ஒரு ஞாயிறு காலையில் கோயில் மண்டபத்தில் ஆண்கள் கூடினார்கள். பெண்கள் ஓரமாக நின்றோம். தேதியைப் பேசுவதற்கு முன்னால் மணியன் எழுந்தான். நிற்க முடியாமல் தூணைப் பிடித்துக்கொண்டான்.

"எம் பொண்டாட்டிக்கு ஏத்துனது யாரு ரத்தம்? எல்லாருக்கும் அறியுமே. நல்லாருந்த குடும்பம். அந்த ரத்தம் ஏறுனதுக்குப் பொறவுதான் எங்களுக்கு இந்தக் கதி. அவ வழியா எனக்கும் வந்திருக்கு."

தனக்கு என்ன நோய் என்று அவன் சொல்லவில்லை. எப்படி வந்தது என்பதை மட்டும் சொன்னான். கூட்டம் அண்ணாச்சியைப் பார்த்தது. அவர் ஒரு வார்த்தையில் அவனை உட்கார வைத்திருக்கலாம். அந்த நர்ஸை அழைத்து வந்து நிறுத்தியிருக்கலாம். இத்தனை வருஷமாக ஒவ்வொரு தடவையும் அவர் ரத்தத்தைச் சோதித்துத்தானே வாங்கினார்கள் என்று நானே கத்தப் போனேன். அண்ணாச்சி என்னைக் கையமர்த்தினார். அவர் ஈஸ்வரியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் சேலையை வயிற்றின் மேல் இழுத்துவிட்டுக்கொண்டு தலை குனிந்து நின்றாள்.

"ஆமா" என்றார் அண்ணாச்சி. "எங்கிட்டேர்ந்துதான் வந்திருக்கும்."

பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் விலகி உட்கார்ந்தார்கள்.

"தப்பு என்னோடது. மணியன் மேல ஒரு தப்பும் இல்ல. ஈஸ்வரி மேலயும் இல்ல. என் ரத்தத்தால வந்தது. என்னைய என்ன வேணும்னாலும் சொல்லிக்கிடுங்க. ஆனா ரெண்டு பேரும் ஆசுபத்திரிக்குப் போயி டெஸ்ட் எடுத்துருங்க. உங்கள யாரும் ஒண்ணும் பறைய மாட்டாங்க. வயித்துப் பிள்ளைக்கு மருந்து இருக்கு. அது போதும் எனக்கு."

வாழ்க்கையில் அவர் சொன்ன ஒரே பெரிய பொய் அதுவாகத்தான் இருக்கும். தன்னிடம் இருந்த ஒரே சொத்தை எடுத்து நடுவில் வைத்துவிட்டார். ஒருவன் செருப்பை எறிந்தான், தோளில் பட்டு விழுந்தது. அண்ணாச்சி தோளைக் கையால் துடைத்துக்கொண்டார்.

மறுநாள் காலை அவர் பெண்டாட்டி பையோடு என் கடைக்கு வந்தாள். புனலூரில் அண்ணன் வீட்டுக்குப் போகிறாளாம்.

"அவருக்குக் குடுத்துக் குடுத்தே பழக்கம் மதினி. எம் மானத்தையும் சேத்துக் குடுத்துட்டாரு. எனக்கும் அந்த நோய் இருக்குன்னுதான இனி ஊரு நினைக்கும்? எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டுக் குடுத்திருக்கலாம்."

அவள் சொன்னதில் ஒரு பிசகும் இல்லை. அண்ணாச்சியைப் பற்றி நல்லதாகவே எழுத வேண்டும் என்று உட்கார்ந்தால் இந்த இடத்தில் எனக்குக் கை நின்றுவிடுகிறது. அவள் திரும்பி வரவே இல்லை.

அந்தப் பொய்யால் ஏதாவது நடந்ததா என்றால், அவர் நினைத்ததற்கு நேர் எதிராக நடந்தது. வழி திறந்துவிட்டோம் என்று அவர் நினைத்தார். தெருவோ கதவைச் சாத்திக்கொண்டது. எங்கிருந்து வந்தது என்பதுதான் தெரிந்துவிட்டதே, பிறகு டெஸ்ட் எதற்கு? மணியன் இதைத்தான் சொன்னான், எல்லோரும் தலையாட்டினார்கள். அவர்களுக்கு வேண்டியிருந்தது ஒரு ஆள். ஆள் கிடைத்துவிட்டார், விசாரணை முடிந்துவிட்டது. நான் ஈஸ்வரியின் வீட்டுக்குப் போய்க் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னேன். நானே கூட வருகிறேன், வயிற்றைக் காட்டப் போகிறோம் என்று சொல்லிவிட்டுப் போகலாம் என்றேன். "சரி மதினி" என்றாள். அந்த வாரமே சங்கரன்கோயில் பக்கம் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். பிரசவம் அங்கேயே, வீட்டில், ஒரு மருத்துவச்சி கையால் நடந்தது. ஆண் பிள்ளை. மூன்றாம் மாதம் தெருவுக்குத் தூக்கிவந்து, பால் கொடுத்து வளர்த்தாள்.

பையனுக்கு ஒரு வயது நிறைவதற்குள் மணியன் போய்விட்டான். தெரு அண்ணாச்சியைத் திட்டிக்கொண்டே அவனைத் தூக்கிப் போயிற்று. அவர் மருந்து அடிக்க வந்தால் ஜன்னலைச் சாத்தினார்கள். அவர் அடித்த மருந்தில் என்ன வந்துவிடும் என்று எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை. என் கடை பெஞ்சில் அவர் உட்கார்ந்தால் மற்றவர்கள் நின்றுகொண்டே சாயா குடித்தார்கள். பிறகு அவரே உட்காருவதை விட்டுவிட்டார். ஒரு கையை இடுப்பில் வைத்து, நின்றபடி குடித்துவிட்டுப் போவார்.

ரத்தம் கொடுப்பதையும் விட்டுவிட்டார். அந்த நர்ஸ் இரண்டு தரம் ஆள் அனுப்பினாள். அவருடைய வகை கிடைக்காமல் அங்கே திண்டாடுகிறார்கள் என்று வந்தவன் சொன்னான். அண்ணாச்சி போகவில்லை. எனக்குப் பொறுக்கவில்லை.

"அங்க உள்ளவங்களுக்கு உங்க ரத்தம் நல்ல ரத்தம்னு தெரியும்ல? போனா என்ன?"

"போலாம். வாங்குனவன் யாருன்னு எவனாவது அறிஞ்சா? பொறவு அவனையும் இப்படி நிறுத்துவான் தங்கச்சி. நமக்கு இது பழகிப்போச்சு. அவனுக்கு எதுக்கு?"

எங்கள் தெருவிலிருந்து நானறிய அவரைத் தவிர ஒருவர்கூட அந்தப் பரிசோதனை அறைக்குப் போகவில்லை. அண்ணாச்சி ஓய்வு பெற்ற மறுவருஷம் மஞ்சள்காமாலை கண்டு செத்தார். சர்க்கார் ஆஸ்பத்திரியில், ஒழுங்காக மருத்துவம் பார்த்தும் தேறவில்லை. மஞ்சள்காமாலைதான் என்று நான் தொண்டை வறளச் சொன்னேன். தெரு கேட்டுக்கொண்டு, "ம்ம்" என்றது. அந்த "ம்ம்" எப்படிப்பட்டது என்று அங்கே வாழ்ந்தவர்களுக்குத் தெரியும். உடலைத் தூக்கக் கார்ப்பரேஷன் ஆட்கள் நாலு பேர் வந்தார்கள், கையுறை போட்டுக்கொண்டு.

ஆனால் நான் அவரை நினைக்கும்போது அந்தச் சாவு நினைவுக்கு வருவதில்லை. அதற்கு முன்னால் ஈஸ்வரியின் பையன் செத்த நாள்தான் வருகிறது. பையனுக்கு இரண்டு வயது முடியவில்லை. வாயெல்லாம் புண்ணாகி, பால்கூட இறங்காமல் கிடந்து, விடிகாலையில் அடங்கிவிட்டான். துக்கம் கேட்க வந்தவர்கள் வாசலுக்கு வெளியே நின்று கேட்டுவிட்டுப் போனார்கள். குழி தோண்ட ஆள் சொல்லி, துணி வாங்கி, எல்லாம் என் வீட்டுக்காரர்தான் செய்தார். அண்ணாச்சி தெருமுனையில் ஓடைக்கரையோரம் பம்போடு நின்றார். கிட்டே வர அவருக்கு உரிமை இல்லை என்று அவரே நினைத்துக்கொண்டிருந்தார்.

பிள்ளையைக் கொண்டுபோன பிறகு ஈஸ்வரி வாசலுக்கு வந்து அவரைக் கையசைத்துக் கூப்பிட்டாள். அவர் பம்பை இறக்கி வைத்துவிட்டு வந்தார். நான் அவளுக்குச் சாயா கொண்டுபோயிருந்தேன், கையில் கிளாஸோடு அங்கேயே நின்றேன். அவர் படியேறவில்லை.

"உங்க ரத்தம் இல்லன்னு எனக்குத் தெரியும் அண்ணாச்சி" என்றாள் ஈஸ்வரி. அவள் அழுது முடித்திருந்தாள். "நீங்க கோயில்ல வச்சுச் சொன்ன அன்னைக்கே தெரியும். அவரப் பத்தி எனக்குத் தெரியாதா?"

அண்ணாச்சி படியில் ஒரு காலை வைத்து, திரும்ப எடுத்துக்கொண்டார்.

"தெரிஞ்சும் ஏம்மா போகல? நான் அதுக்குத்தானம்மா சொன்னேன்."

"போனா அங்க எல்லாம் கேப்பாங்க. எல்லாம் எழுதுவாங்க. அவர்கிட்டேர்ந்துதான்னு ஆயிரும். அவரு உசிரோட இருந்தாரு அண்ணாச்சி. நாலு பேரு முன்னால அவர எப்படி நிறுத்த?"

"வயித்துல பிள்ள இருந்துதேம்மா" என்றார் அண்ணாச்சி.

"வராதுன்னு நெனச்சேன். மாரியாத்தா பாத்துக்கிடுவான்னு நெனச்சேன்."

அவர் குனிந்து படியைப் பிடித்துக்கொண்டார். பிறகு நிமிர்ந்து, பழைய குரலில், நர்ஸ் சொன்னதை ஒப்பிக்கும் அந்தக் குரலில் சொன்னார். "சாரமில்ல, போவட்டும். கழிஞ்சது கழிஞ்சது. இப்பவாவது போம்மா. உனக்கு மாத்திர இருக்கு. காசில்லாம குடுக்கான். நேரத்துக்குத் தின்னா எத்தனையோ வருசம் இருக்கலாம். மூத்தவளுக்கு நீ வேண்டாமா?"

ஈஸ்வரி உள்ளே திரும்பிப் பார்த்தாள். பெரியவள் சுவரோரம் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தாவணி போடும் வயது.

"இப்பம் இவளுக்காகத்தான் போகல. நான் டெஸ்டுக்குப் போனேன்னு தெரிஞ்சா நாளைக்கு இவள எவன் கட்டுவான்? இப்பம் உங்க ரத்தம்னு இருக்கு. எங்க மேல ஒண்ணுமில்லன்னு இருக்கு." அவள் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. "நீங்க சொன்னது அப்படியே இருக்கட்டும் அண்ணாச்சி."

அவர் என்னை ஒருமுறை பார்த்தார்.

"இருக்கட்டும்மா" என்றார்.